பாட்டு மாஸ்டரும் ஒரு வெள்ளைக் கோடும்

உலகத்தில் முழங்கால் வலியால் பாட்டை நிறுத்திய ஒரே மனிதர் எங்கள் பாட்டு மாஸ்டராகத்தான் இருக்கும்.

செஞ்சியில் நான் கணக்கு வாத்தியாராக இருக்கும் தனியார் பள்ளிக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் இப்படி இருந்தது: ‘பன்னிரண்டு வருடம் பாடினேன். ஏழு மாநிலங்களில் பாடியிருக்கிறேன். டி.வி.யிலும் பாடினேன். முழங்கால் போய்விட்டதால் இனி பாட முடியாது. சொல்லிக்கொடுக்க ஆசை.’ எங்கள் தாளாளர் டி.வி. என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திவிட்டார். பாட்டு டீச்சர் வேலை காலியாக இருந்தது. ஆள் வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்து வைத்திருந்தோம்.

வந்தவர் வாசக்கால் உயரம் இருந்தார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இன்னா சார் இது?”

“நீங்க பாடுறவர்னு சொன்னாங்களே” என்றேன்.

“ஆமா சார். கபடி பாடுறவன்.”

எங்கள் பக்கத்தில் ‘கபடி கபடி’ என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு எதிரணிக்குள் போவதைப் பாடிப் போவது என்றுதான் சொல்வோம். போகிறவர் பாடுகிறவர், அவரை மடக்குகிறவர்கள் பிடிக்கிறவர்கள். தாளாளர் சென்னையில் வளர்ந்தவர், அவருக்கு இது எங்கே தெரியும்? நல்லவேளையாகப் பெண்கள் கபடி அணிக்குக் கோச் இல்லாமல் இருந்தது. மூன்று மாதம் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். ஆர்மோனியம் பீரோவுக்குத் திரும்பியது. பாட்டு மாஸ்டர் என்ற பெயர் மட்டும் போகவில்லை.

அவரை வேடிக்கை பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. கை கொடுக்கப் போனால் இரண்டடி பின்னால் துள்ளுவார். அறையைவிட்டு வெளியே போகும்போது எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து போவார். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“முதுகக் காட்டினா புடிச்சிடுவாங்க சார்.”

“ஸ்டாஃப் ரூம்ல யாரு மாஸ்டர் புடிக்கப்போறாங்க?”

“ஹெச்.எம். சார் கேண்டீன் டியூட்டிக்கு ஆளு தேடினு இருக்காரு.”

நான் சிரித்துக்கொண்டே முதுகைக் காட்டி வெளியேறினேன். அந்த வாரம் கேண்டீன் டியூட்டி எனக்கு விழுந்தது.

பெரிய லீக்கில் மூன்று சீசன் ஆடியவர். அதைப் பற்றிக் கேட்டால் ஏசி ரூமில் தூக்கம் வராத கதையைத்தான் சொல்வார். நான் விடாமல் துளைத்ததில் ஒருநாள் வேறு ஒன்று சொன்னார். “மூட்டு போன அன்னிக்கி நாலு பேரு மேல கிடந்தானுங்க சார். கோட்டுக்கு ஒரு சாண்தான் பாக்கி. தொடறதுக்குள்ள தூக்கினு போயிட்டாங்க.” சொல்லிவிட்டு டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்கு அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது மூச்சு. மாடிப்படி ஏறும்போது பாட வேண்டும், டிபன் பாக்ஸ் கழுவும்போது பாட வேண்டும், பஸ்ஸில் பாட வேண்டும். அவலூர்பேட்டையிலிருந்து வரும் கௌசல்யா அணியிலேயே சுறுசுறுப்பான பெண். அமாவாசைக்கு மேல்மலையனூர் போனவள், கூட்டத்தில் இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது என்று நினைத்து, ஆட்களுக்கு நடுவே சந்து தேடி, தோளைச் சாய்த்துச் சாய்த்து, முணுமுணுவென்று பாடிப் போயிருக்கிறாள். “ஆத்தா வந்துட்டா!” என்று யாரோ கத்த, வழி விட்டார்கள். கையில் எலுமிச்சம்பழத்தைத் திணித்தார்கள். ஒரு அம்மாள் தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாளாம். பாட்டை நிறுத்தக்கூடாது என்பது மாஸ்டர் உத்தரவு, இவளும் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை கௌசல்யாவின் அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார். “குறி கேக்கத் தெருவே வந்து நிக்குது சார். இன்னா சொல்லிக் குடுக்கறீங்க எம் பொண்ணுக்கு?”

மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எவ்ளோ நேரம் பாடினா?”

இவ்வளவு திறமைக்கும் அவரிடம் ஒரே ஒரு கோளாறு. தன் பிள்ளையை யாராவது மடக்கிவிட்டால் ஆடுகளத்துக்குள் ஓடிவிடுவார். கோச் உள்ளே வந்தால் எதிரணிக்கு ஒரு புள்ளி. வல்லத்தில் இரண்டு மேட்ச் இப்படியே ஒரு புள்ளியில் தோற்றோம். தாளாளர் மெமோ கொடுத்தார்: ‘இனி ஒருமுறை கோட்டைத் தாண்டினால் வேலை இல்லை.’ அதை எட்டிப் படித்த வாட்ச்மேன் என்னிடம் வந்தார். “நம்மூரு கோட்டய தாண்டக் கூடாதுன்னா அவரு திருவண்ணாமலைல இருக்கற வூட்டுக்கு எப்டி சார் போவாரு?”

மாஸ்டர் சிரிக்கவில்லை. “எனக்கு வேற எதுவும் தெரியாது சார். இதுவும் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?” என்றார். அவ்வளவு பெரிய உடம்பு அன்றைக்குச் சின்னதாகத் தெரிந்தது.

வட்டார அளவிலான போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு அவரே ஒரு ஏற்பாடு செய்தார். “பக்கத்துல ஒக்காந்து என் பெல்ட்டப் புடிச்சிக்கோ சார். இன்னா ஆனாலும் வுடாத.” என் எடை ஐம்பத்தோரு கிலோ. இருந்தாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

கடைசிப் பாட்டு கௌசல்யாவுடையது. நாங்கள் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். உள்ளே போனவள் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது மூன்று பேர் காலில் விழுந்து மடக்கினார்கள். மண்ணில் குப்புறக் கிடந்து நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினாள். பாட்டு மட்டும் நிற்கவில்லை. என் கையில் பெல்ட் விறைத்தது.

அதற்கப்புறம் எனக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை புரியவில்லை. இருபது வருடமாகப் பெல் அடித்தாலும் நிதானமாக நடக்கிறவன் நான். பெல்ட்டை விட்டுவிட்டு, “வுடுங்கடி அவள!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். என் வலது கால் வெள்ளைக் கோட்டுக்கு மேலே காற்றில் இருந்தபோது இடது கணுக்காலை யாரோ பிடித்தார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமே தொப்பென்று விழுந்தேன். வாயெல்லாம் மண். திரும்பிப் பார்த்தால் மாஸ்டர், நெடுஞ்சாண்கிடையாக, இரண்டு கையாலும் என் காலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்.

“உள்ள போவாத சார்! அவ பாடினுதான் இருக்கா! தொட்டுடுவா!”

தொட்டுவிட்டாள். நடுவர் விசில் ஊதிக் கையை உயர்த்திய பிறகுதான் என் காலை விட்டார்.

“நீங்க ஏன் மாஸ்டர் ஓடல?” என்று கேட்டேன்.

“நீதான் ஓடினியே சார். உன்னப் புடிக்கவே எனக்கு நேரம் சரியாப் போச்சு.”

அந்த மாதமே அவர் வேலை நிரந்தரமானது. என் கணுக்கால் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. ஒத்தடம் கொடுத்துக்கொண்டே என் மனைவி, “யாருங்க இப்டிப் புடிச்சது?” என்று கேட்டாள்.

“எனக்குப் புடிச்ச ஒருத்தர்” என்றேன்.