மதிலில் காது வைத்த அப்பா

பல்லாவரத்தில் ஆரம்பித்து மேடவாக்கம் வரைக்கும், காம்பவுண்டு சார் காது வைக்காத பள்ளிக்கூட மதில் ஒன்றுகூடக் கிடையாது. இதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

நிஜப் பெயர் எங்கள் டீச்சர்கள் யாருக்கும் தெரியாது. இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. எல்கேஜி சேர்க்கும் வயதில் ஒரே பெண். மற்ற அப்பாக்கள் ரிசல்ட்டைப் பார்ப்பார்கள், நீச்சல் குளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவர் எதையும் பார்க்க மாட்டார். வகுப்பு நடக்கும் நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி, மதிலில் காதை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிடுவார். தண்ணி லாரிக்காரன் ஹாரன் அடித்தே செத்தாலும் அசைய மாட்டார். தூக்கத்தில் கைக்குழந்தை சிரிக்குமே, அப்படி ஒரு சிரிப்பு மட்டும் முகத்தில் இருக்கும்.

திருநீர்மலைப் பக்கம் ஒரு பள்ளியில், பிள்ளை பிடிக்க வந்தவன் என்று கூட்டமே கூடிவிட்டதாம். இன்னொரு பள்ளியில் பிள்ளைகள் அப்படிச் சிரித்தார்களாம். மெய்மறந்துபோய் அப்ளிகேஷன் வாங்க உள்ளே ஓடினால், அன்றைக்கு டீச்சரே வரவில்லையாம். அவர் காதின் லட்சணம் அவ்வளவுதான்.

எங்களுடையது அனகாபுத்தூரில் ஆற்றோரச் சந்துக்குள் ஒரு சின்ன நர்சரி. நான் எல்கேஜி டீச்சர். தை மாதக் காலை, ஆற்றுப் பக்கமிருந்து வந்த பனி வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. பகலில் நிலா எங்கே தூங்கும் என்று பிள்ளைகளைக் கேட்டேன். ஆற்றுக்குள்ளே என்றது ஒன்று. எங்க வீட்டு பீரோவுல என்றது இன்னொன்று. சாவி யாரிடம் என்று கேட்டுவிட்டு, அந்த பீரோவை நினைத்தபடி நானும் அப்படியே நின்றுவிட்டேன். வெளியே எங்கள் வாட்ச்மேனின் குரல் கேட்டது.

"இன்னா சார், அப்போ புடிச்சு செவுத்துல காது வச்சுகினு கீற? உள்ள இன்னா படமா ஓடுது?"

"உஷ்! பீரோ சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டிருக்காங்க. கொஞ்சம் இருங்க."

மறுநாள் மகளோடு அட்மிஷன் இன்டர்வியூவுக்கே வந்துவிட்டார். எங்கள் கரஸ்பாண்டென்ட் நல்ல மனுஷர். அப்பா காலத்து நெல் வயலில் பள்ளி கட்டியவர். வழக்கம்போல, "உங்க சம்பளம் என்ன சார்?" என்றார். காம்பவுண்டு சார் சொன்னார். சொல்லிவிட்டு என்னைக் காட்டி, "டீச்சருக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டாரே பார்க்கலாம்! ஆண்டவரே! என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதை இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

"அது எதுக்கு சார் உங்களுக்கு?"

"பொண்ணு நாள் பூரா இவங்களோடதானே இருக்கப்போறா? இவங்க மனசுல வீட்டுக் கவலை ஓடினா, இவ பேசறது எப்படி சார் காதுல விழும்?"

கரஸ்பாண்டென்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். கேட்டதும் சார் முகம் வாடிவிட்டது. பிறகு நிமிர்ந்து, "இவ இங்கதான் படிக்கணும். இந்த டீச்சர்கிட்டதான்" என்றார்.

நானோ மேடவாக்கத்தில் ஒரு பெரிய பள்ளிக்கு அதற்கு முன்பே சரி சொல்லிவிட்டிருந்தேன். சம்பளம் இரண்டு மடங்கு, என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்கு மூடியது?

"சார், ஜூன்ல நான் இங்க இருக்க மாட்டேன். வேற ஸ்கூலுக்குப் போறேன்."

கரஸ்பாண்டென்டுக்கே அப்போதுதான் தெரியும். காம்பவுண்டு சார் அவர் பக்கம் பாய்ந்தார்.

"சம்பளத்த ஏத்துங்க சார்!"

"ஃபீஸ ஏத்தாம எப்படி சார் ஏத்தறது?"

"ஏத்துங்க. நான் தரேன்."

"நீங்க தருவீங்க. இந்தச் சந்துல மத்தவங்க? தறி நெய்யற கூலியில படிக்க வைக்கிறாங்க சார்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வாசலுக்கு அவர்கள் பின்னாலேயே ஓடினேன். "கோவமா சார்?"

"சேச்சே. நீங்க போகணும் டீச்சர், கண்டிப்பா போகணும்." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணே ஒண்ணு. இவளுக்கு இன்னிக்கு ஒரு பாடம் எடுங்களேன். உங்ககிட்ட ஒரு நாளாவது படிச்சான்னு இருக்கட்டும்."

இரண்டு பேரையும் வகுப்புக்கே கூட்டிப்போனேன். எல்கேஜி நாற்காலியில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். மழை எப்படி வருகிறது என்று ஆரம்பித்தேன். கடலில் கிளம்பி மேகத்தில் ஏறுவதற்குள் பாப்பா என் புடவையை இழுத்தாள்.

"டீச்சர், அப்பா தூங்கறாரு."

"தூங்கல கண்ணு. படிக்கிறாரு."

பாப்பாவைக் கடைசியில் ஓர் அரசுப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மதிலே பாதிதான் இருந்ததாம், காது வைக்கும் வேலையே இல்லை. டீச்சர் சம்பளத்தையும் கூசாமல் சொன்னார்களாம்.

நான் மேடவாக்கம் போய்விட்டேன். நல்ல சம்பளம், நல்ல வகுப்பு, குறை ஒன்றும் இல்லை. உங்களிடம் படித்ததிலேயே ரொம்பப் பிடித்த பிள்ளை யார் என்று அங்கே அடிக்கடி கேட்கிறார்கள். நாற்பது வயது, முன்பக்கம் லேசாக வழுக்கை என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.