பெடலுக்குப் போட்ட பூசை

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் கையில் ஒரு கைப்பேசியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து கிடைத்தால், திங்கட்கிழமைக்குள் அவன் இன்ஜினியராகிவிடுவான். நான் ஆனேன்.

மலேசியாவில், ஈப்போ பக்கத்துச் செமோரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் என் பட்டறை. கேட், கிரில் எல்லாம் செய்வேன். அலுமினியத்தை ஒட்ட ஆர்கன் வெல்டிங் வேண்டும். அதில் கரண்டு ஏறுவதும் இறங்குவதும் காலடியில் இருக்கும் பெடலில்தான். காரில் வேகத்துக்கு எண்ணெய் பெடலை மிதிப்பது மாதிரி. எனக்கோ உட்கார்ந்தாலே கால் ஆடும். சாப்பிடும்போது ஆடும், கோயிலில் தேவாரம் கேட்கும்போதும் ஆடும். அதனால் நான் போட்ட ஒட்டெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்துபோன தடம் மாதிரி இருக்கும்.

அந்த வருடம் என் மனைவி லெட்சுமியின் தம்பி சேகர் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தான். அவன் மகள் டிங்கிக் காய்ச்சலில் ஈப்போ ஆஸ்பத்திரியில் கிடந்து, முருகன் புண்ணியத்தில் பிழைத்து வந்தாள். காவடியின் அலுமினிய வளைவை நான்தான் செய்யவேண்டும் என்று சேகருக்குப் பிடிவாதம். "நம்ம கை பட்டதா இருக்கணும் மச்சான்" என்றவன், கொஞ்சம் யோசித்து, "காலு மட்டும் படாம பாத்துக்குங்க" என்றான்.

அது எனக்கு உறைத்தது. வீடியோ பார்த்து மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றை வாங்கினேன். விரல் நீளம்தான். பெடலுக்கும் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, என் கால் எப்படித் துள்ளினாலும் அது கரண்டை நிதானமாக ஏற்றி இறக்கும். (எனக்கு இல்லாத பொறுமையக் கடையில வாங்கிட்டேன்னு வச்சுக்குங்க.) போர்டைப் பெடலுக்குள்ளேயே, மிதிக்கும் தகட்டுக்கு நேர் கீழே பொருத்தினேன். மூடி போடவில்லை. அதன் குட்டி விளக்கு மின்னுவதைப் பார்க்க ஆசை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் பழைய தகடு ஒன்றில் சோதித்தேன். ஒட்டு அச்சடித்த மாதிரி விழுந்தது. சேகரே அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். கையோடு வளைவை ஒட்டி முடித்திருந்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை இருந்திருக்கும்.

ஆனால் சாமி காரியமாயிற்றே. புது லோரி எடுத்தால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். புதுப் பெடலைச் சும்மா மிதிக்கலாமா? திருநீறு பூசி, சூடம் காட்டி, மிதிதகட்டுக்கு அடியில் நல்ல பழமாகப் பார்த்து ஒன்றை வைத்தேன். மனசார முருகனைக் கும்பிட்டு ஓங்கி மிதித்தேன். (லோரிக்கு அடியில ரோடுதான் இருக்கு. இங்க போர்டுல்ல இருக்கு! அந்த யோசனை வரலையே.)

போர்டெல்லாம் சாறு வழிய நசுங்கிய பழத்தை எடுத்துப் போட்டுவிட்டு, வளைவின் உச்சியில் தீயைக் கொடுத்தேன். மெஷின் முழு மூச்சில் உறுமியது. அலுமினியம் ஐஸ்கிரீமாக வழிந்தது.

"கால எடுங்க மச்சான்" என்றான் சேகர்.

"எடுத்துட்டேன்லா."

நிஜம்தான். என் இரண்டு காலும் அந்தரத்தில் இருந்தன. டார்ச் பிடித்த கையை எடுத்திருந்தாலே தீ அணைந்திருக்கும். அது எனக்கு மறுநாள் கோயில் வாசலில்தான் உறைத்தது. லெட்சுமி அடுப்படியிலிருந்து வந்து மெயின் சுவிட்சை இறக்கினாள்.

வளைவின் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. புதிதாக ஒன்று செய்ய நேரமில்லை. சேகர் தரையில் உட்கார்ந்துவிட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "புள்ளைக்கு வேண்டினது மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

போர்டைப் பிடுங்கி எறிந்தேன். பெடலைத் துடைத்து, பழையபடி ஒயரை மாட்டினேன். சேகர் என் முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஓட்டையின் ஓரத்தை வட்டமாக அறுத்து அதில் ஒரு வளையத்தை ஒட்டினேன். நடுக்கமே இல்லாத ஒட்டு. லெட்சுமி சாமிமேடை மணியைக் கொண்டுவந்து அந்த வளையத்தில் தொங்கவிட்டாள்.

மறுநாள் மணி குலுங்கக் குலுங்க சேகர் காவடி ஆடினான். அவன் மகள் பால்குடம் ஏந்தி முன்னால் நடந்தாள். பின்னால் நான், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன். முருகன் எங்களைக் கைவிடவில்லை.

இப்போது தைப்பூசம் நெருங்கினால், அதே ஓட்டையும் மணியும் வைத்த காவடி வேண்டும் என்று சித்தியவானிலிருந்துகூட ஆள் வருகிறார்கள். அந்த ஓட்டைக்கு நிறைய வேலையோ என்று அவர்கள் கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் லெட்சுமி பதில் சொல்லிவிடுவாள்.

"வேலையெல்லாம் ஒன்னும் இல்லண்ணே. இவரு ஒரு பூசை போட்டாப் போதும், ஓட்டை தன்னால விழுந்துரும்லா."