நாலு மணிக்கு வா, கதவு திறந்தே இருக்கும்

விரலை எடுத்த பிறகுதான் பாப்பாவுக்கு உறைத்தது. கூடப்பிறந்த அக்காவுக்குப் போக வேண்டிய மெசேஜ் கிளினிக்கின் நோயாளிகள் அத்தனை பேருக்கும் போய்விட்டது.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. முப்பது தாண்டியவள், பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை அவளுடையது. டாக்டரம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ஈ ஓட்டுவதைத் தவிர வேறு வேலை இல்லாததால், கிளினிக் ஃபோனிலேயே ஒரு விளையாட்டை இறக்கி வைத்திருந்தாள். வயது வந்தவர்களுக்கு மட்டுமான சமாசாரம். நாம் ஒரு வேஷம் எடுத்துக்கொண்டால், எதிர்வேஷக்காரர் மெசேஜ் அனுப்பிக் கொஞ்சுவார், கெஞ்சுவார், அதற்கு மேலும் போவார். பாப்பா இளவரசி. எதிரே கொள்ளைக் கப்பலின் கேப்டன்.

விளையாட்டுக் கம்பெனி சம்பளத்துக்கு வைத்திருக்கும் எழுத்துக்காரன் எவனோ ஒருவன்தான் கேப்டன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? சுருட்டை முடியும் அகன்ற தோளுமாக அவனை மனசுக்குள் வளர்த்து வைத்திருந்தாள். ஒரே குறை, எங்கே ஆரம்பித்தாலும் பல்லில் வந்து நிற்பான். 'உன் கடைவாய் தெரியச் சிரி, என் உயிரே' என்பான். சரி, ஒவ்வொருத்தனுக்கு ஒரு பைத்தியம்.

அன்றைக்கு வந்த வரி அவளைக் கவிழ்த்தேவிட்டது. 'நாளை நாலு மணிக்கு வா. கதவு திறந்தே இருக்கும். உன் இதழ்களைத் திற, கண்ணே. மீதியை என் விரல்கள் பார்த்துக்கொள்ளும்.'

இதை அக்காவுக்குக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளப் போனதில்தான் இந்தக் கூத்து.

பாப்பா உள்ளறைக் கதவைப் பார்த்தாள். டாக்டரம்மா வழக்கம்போல் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனும் கையுமாக இருந்தார். கேட்டால், "படிக்கிறேன்" என்பார். காலையில்தான், "இந்த மாசமும் நாற்காலி காலியா கிடந்தா கிளினிக்கை மூடிட வேண்டியதுதான், பாப்பா. நீயும் வேற இடம் பார்த்துக்க" என்று சொல்லியிருந்தார். இருக்கிற நாலு நோயாளிகளையும் இப்போது அவளே விரட்டிவிட்டாள்.

"அழிச்சிடேன்," என்றாள் துடைப்பத்தோடு நின்ற பெருக்குகிற அக்கா.

"போனது போனதுதான்க்கா!"

"அப்போ, ஆள் மாறி வந்துடுச்சுன்னு சொல்லிடு."

பாப்பா மடமடவென்று தட்டினாள். 'மன்னிக்கவும். முந்தைய அழைப்பு உங்களுக்கு அல்ல, வேறொருவருக்கு.'

ஃபோன் அலறியது. பேக்கரிக்காரரின் மனைவி.

"யாரும்மா அந்த வேறொருத்தர்? என் புருஷனை வான்னு சொல்லிட்டு, அப்புறம் வேணாங்கறீங்களா? அவருக்கென்ன குறைச்சல்?"

அதை வைத்ததும் பஸ் டிரைவர், ரகசியக் குரலில். "மேடம், நாலு மணிக்கு எனக்கு டியூட்டி. பரவாயில்ல, மாத்திக்கிட்டு வந்துடறேன்."

பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"குடும்பத்தோட வரச் சொல்லு. கௌரவமா இருக்கும்," என்றாள் பெருக்குகிற அக்கா.

பதற்றத்தில் யார் யோசிக்கிறார்கள்? அதையும் அனுப்பினாள். அதற்கு வந்த பதில்களை இங்கே எழுதினால் இந்தக் கதையும் வயது வந்தவர்களுக்கு மட்டும் என்றாகிவிடும்.

மறுநாள் நாலு மணிக்கு முன்பே கிளினிக்கில் நிற்க இடமில்லை. பஸ் டிரைவர் மட்டும் சென்ட் மணக்க மூலையில் நின்றார். மற்றவர்கள் பெரும்பாலும் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார்கள்.

"எங்கே உங்க டாக்டர்? நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்கணும்!" பேக்கரிக்காரரின் மனைவி மேசையைத் தட்டினாள்.

"உள்ளே போய் அவங்ககிட்டயே கேளுங்க," என்று பாப்பா கதவைக் காட்டிவிட்டாள்.

உள்ளே டாக்டரம்மாவுக்கு ஆளைக் கண்ட சந்தோஷம் தாங்கவில்லை. "உட்காருங்கம்மா. எங்கே வலி?"

"வலியா? நீங்கள்லாம் ஒரு..." என்று அந்த அம்மாள் வாயைத் திறந்தாள். அவ்வளவுதான். சின்னக் கண்ணாடி உள்ளே போய்விட்டது.

"அடடா, கடைவாய் முழுக்கச் சொத்தை! இதை வச்சுக்கிட்டு எப்படிம்மா சாப்பிடறீங்க?"

"ஆ... ஆ..."

கொஞ்ச நேரத்தில் மரத்த கன்னத்தோடு வெளியே வந்தாள். "அழுழ்ழ வாழம் வழேன்," என்றாள் பாப்பாவிடம். அடுத்த வாரம் வருகிறாளாம்! அதோடு புருஷனையும் பிடித்து உள்ளே தள்ளினாள்.

கத்த வந்தவர்கள் எல்லோரும் வாயை அகலத் திறந்துகொண்டே உள்ளே போனார்கள். ஒரு பல் டாக்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? போனவர்கள் பஞ்சைக் கடித்தபடி சாதுவாகத் திரும்பினார்கள். பஸ் டிரைவருக்கு ரெண்டு பல் அடைத்தாயிற்று; முகம்தான் பாவம், விழுந்துபோயிருந்தது. மேசை மேலிருந்த காலண்டர் கட்டம் கட்டமாக நிரம்பியது. பாப்பாவுக்குச் சந்தோஷத்தில் கையெழுத்தே கோணிக்கொண்டு போயிற்று. நடுவில் ஒருதரம் விளையாட்டைத் திறந்து பார்த்தாள். விடிந்ததிலிருந்து கேப்டனிடமிருந்து ஒரு 'கண்ணே' கூட இல்லை. மனசு சுருக்கென்றது.

கடைசியாக, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கோபமே படாத மனுஷர், அதனால்தான் ஆபத்து. விடை தெரியாமல் நகரமாட்டார். பல்லைப் பிடுங்கிப் பஞ்சு வைத்ததும், பேச முடியாமல் தன் ஃபோனை எடுத்து டாக்டரம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

பாப்பா கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா படித்தார். இன்னொரு தரம் படித்தார். வாத்தியாரைத் தோளில் தட்டி அனுப்பிவிட்டு, நேராக வரவேற்பு மேசைக்கு வந்தார்.

"அம்மா, மன்னிச்சிடுங்க. தெரியாம கை பட்டு..." பாப்பாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா காலண்டரைப் புரட்டினார். மாதக் கடைசி வரை ஒரு கட்டம் காலியில்லை. முகமூடியைக் கழற்றினார்; கடைவாய் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த வரியை உலகத்துலயே ஒருத்திக்குத்தான் அனுப்பினேன். இனிமே கேப்டனுக்கு நேரம் கிடையாது, இளவரசி. கப்பல் நிறைய ஆள் ஏறிடுச்சு!"