ரேடியோவில் நான் போட்ட சாப்பாடு

மைக்கைக் கண்டால் சிலருக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கட்டவிழ்ந்துகொள்ளும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வானொலியில் பேசினேன். அந்த ஒரு முறையிலேயே என் வீட்டுக்காரரையும் கொழுந்தனையும் போலீசில் மாட்டிவிட்டேன். (இரண்டாம் முறை யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்க எனக்கும் முகமில்லை.)

அது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்த நேரம். கல்யாணமாகி, புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்திருந்தேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் துப்பாக்கியோடு காவல். காட்டுக்குள் இருந்த ஆயுதக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசியை அளந்துதான் கொடுப்பார்கள். காலையில் மரம் சீவப் போகிறவர்கள் ஒரு கவளம் சோற்றைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக முடியாது. தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். டின்னில் அடைத்த பாலைக்கூடக் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார், யாரும் எடுத்துப் பதுக்கிவிடாதபடி. காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார் என்று ஒரு சந்தேகம் வந்தால் போதும், வழக்கு விசாரணை எதுவும் இல்லாமல் உள்ளே தள்ளிவிடுவார்கள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் பேசினேன் பாருங்கள், அதுதான் என் தனித்திறமை.

பேச வைத்தது அம்மா மேல் எனக்கிருந்த வீம்பு. அம்மாவும் என் தங்கை தனமும் கலும்பாங்கில் இருந்தார்கள். எங்களோடு இருந்த என் கொழுந்தன் முனியாண்டிக்குத் தனத்தின் மேல் ஆசை. தனத்துக்கும் அப்படித்தான். (என் கல்யாணப் பந்தியில் அவள் இலைக்கு மட்டும் பாயசம் வந்துகொண்டே இருந்தது.) அம்மாதான் பிடி கொடுக்கவில்லை.

"ஒருத்திய அந்தச் சேத்துக்காட்டுக்கு அனுப்பிட்டு நான் படுறது போதும். அங்க அவ மரவள்ளிக் கெழங்கத் தின்னுட்டுக் கெடக்குறாளாம். ரெண்டாவதையும் பட்டினி போடவா?" என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கிழங்கு விஷயத்தில் அம்மா சொன்னது முழு உண்மை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

"அக்கா, அம்மா எனக்கு வேற எடம் பாக்குது. நீதான் எப்படியாவது பேசணும்" என்று தனம் ஆள் மூலம் அழுது சொல்லி அனுப்பினாள். எப்படிப் பேசுவது, எங்கே பேசுவது என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் ரேடியோக்காரர்களின் வேன் தோட்டத்துக்குள் வந்தது.

'தோட்டந்தோறும்' என்று ஒரு நிகழ்ச்சி. வாரம் ஒரு தோட்டத்துக்குப் போய் யாராவது ஒருவரை உட்கார வைத்துப் பேசிப் பதிவு செய்து ஒலிபரப்புவார்கள். நன்றாகப் பேசுகிற ஆளாகப் பார்த்துக் கொடு என்று தோட்டத்துத் துரை, வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோரிடம் சொல்லியிருக்கிறார். மண்டோர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, "பாக்கியம், நீ சும்மாவே பேசுவ. இன்னிக்கு அவங்க கேக்குறதுக்குப் பேசு" என்றார். உடனே எனக்கு அம்மாவின் முகம் தெரிந்தது. கலும்பாங் காப்பிக்கடையில் ரேடியோ இருக்கிறது. ஊர் முழுக்கக் கேட்கும். அம்மா காதில் போட வேண்டியதை இனி நாடே சேர்ந்து போடும் என்று நினைத்தேன்.

கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். (ரேடியோவில் சேலை தெரியாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.) பேட்டி எடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, பவ்வியமான குரல்.

"இந்தப் பங்கீட்டுக் காலத்தில சமையல் கஷ்டமோ, தங்கச்சி?"

"கஷ்டமா? எங்க வீட்டுல அடுப்பு அணைஞ்சதே கெடையாதுங்க. ஆளு மூணா இருந்தாலும் பத்துப் பேருக்குத்தான் ஒல வப்பேன்."

"அடேயப்பா! பத்துப் பேருக்கு அரிசிக்கு எங்க போவியள்?"

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தோட்டத்து லோரி ஓட்டுகிற என் வீட்டுக்காரரின் பெருமை இன்னும் பாக்கி இருந்ததே.

"எங்க வீட்டுக்காரரு லோரி ஓட்டுறாருங்க. எது வேணும்னாலும் வந்து சேந்துரும்."

"விருந்தாளி ஆரும் திடீரெண்டு வந்தால்?"

"யாரு வந்தாலும், எந்நேரம் வந்தாலும், சாப்புடாமப் போனது கெடையாது. ராத்திரி வந்தா இன்னும் நல்லா கவனிப்போம். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தாத்தான் என்ன? வயித்துக்கு வேலி உண்டா?"

அவர் அசந்துபோனார். கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக. (இதை எப்படித்தான் ஒலிபரப்பினார்களோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மேலே இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் பேசியது விருந்தோம்பலாகத் தெரிந்திருக்கும்.)

ஒலிபரப்பான அன்று சாயங்காலம் லயமே கோயில் மண்டபத்து ரேடியோ முன்னால் கூடிவிட்டது. என் குரல் வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். பத்துப் பேருக்கு உலை என்றதும் பக்கத்து வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போன வாரம்தான் அவளிடம் ஒரு சுண்டு அரிசி கடன் கேட்டிருந்தேன். லோரி என்றதும் கைதட்டல் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் என்றதும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நாங்கள் மூவரும் ரேடியோவும்தான்.

என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "பாக்கியம், நீ பேட்டி குடுத்தியா, வாக்குமூலம் குடுத்தியா?"

மறுநாள் காலையிலேயே ஜீப் வந்துவிட்டது. மலாய்க்கார இன்ஸ்பெக்டர் ஒருவர், தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவராம், தமிழை வெளுத்து வாங்கினார், நடுநடுவே ஒரு மலாய் 'லா' ஒட்டி. வந்ததும் முதல் காரியமாக என் வீட்டுக்காரரையும் முனியாண்டியையும் தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டிப்போய்த் தனித்தனியாக விசாரித்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார்.

"யம்மா, ரேடியோல பேசுனது நீதானே? எங்க, அந்தப் பத்துப் பேரு அரிசியக் காட்டு லா."

அரிசி டின்னைத் திறந்து காட்டினேன். அடியில் இரண்டு கைப்பிடி இருந்தது.

"பாத்தீங்களா சார்! இவ்ளோதான் இருக்கு. நான் சொன்னதெல்லாம் பொய்!"

அவர் டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பங்கு குடுத்து ரெண்டு நாளுதானே ஆகுது? மிச்ச அரிசி எங்க போச்சு? யாருக்குப் போட்ட?"

டின் நிறைய இருந்தால் பதுக்கல், காலியாக இருந்தால் விநியோகம். உண்மையில் அந்த அரிசியில் பாதியைப் பழைய கடனுக்கு அளந்து கொடுத்திருந்தேன். மீதியில் பெரும்பகுதியைக் கரியாக்கியிருந்தேன். இதை யார் நம்புவார்கள்? லோரி ஓட்டுகிறவர் வேறு. தைப்பிங் தடுப்பு முகாமிலோ வேறெங்கோ கொண்டுபோய் அடைத்துவிட்டால் எப்போது பார்ப்பேன் அந்த மனிதரை? அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. கையில் வெற்றிலை பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னால் புதுச் சேலையில் தனம். ரேடியோவைக் கேட்டு மனம் மாறி, விடிந்ததும் பஸ் மாறி மாறிச் சம்பந்தம் பேச வந்திருந்தாள் அம்மா. என் திட்டம் அச்சுப் பிசகாமல் பலித்திருந்தது. மாப்பிள்ளைதான் விசாரணையில் இருந்தார்.

நடந்ததை இன்ஸ்பெக்டரே சொன்னார். அம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"யாரு, இவளா? இவ பத்துப் பேருக்குச் சமைச்சாளா? ஐயா, இவளுக்குச் சுடுதண்ணி வக்கத் தெரியாது. எங்க வீட்டு நாயி இவ போட்ட சோத்த மோந்து பாத்துட்டுப் பக்கத்து வீட்டுக்குக் குடி போயிருச்சு. வேணும்னா சமைக்கச் சொல்லிப் பாருங்க."

"சரி, சமை லா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார் அவர்.

இரண்டு கைப்பிடி அரிசியை உலையில் போட்டேன். ரசமும் வைத்தேன். புகையில் கண் எரிந்தது. சாப்பாடு கெட்டுப்போக வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு சமைத்த ஒரே பெண் நானாகத்தான் இருக்கும். வேண்டுதலுக்கே அவசியமில்லை. சோறு அடியில் கருகி, மேலே விதை விதையாக நின்றது. இன்ஸ்பெக்டர் ரசத்தில் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். தண்ணீர் கேட்டார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"காட்டுல இருக்கிறவன் இதச் சாப்புட்டிருந்தான்னா, எல்லாரும் எப்பவோ கையத் தூக்கிச் சரணடைஞ்சிருப்பான் லா."

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். தனம் சிரித்தாள். அவமானமும் நிம்மதியும் சேர்ந்து வந்ததில் எனக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் போகும்போது அம்மாவிடம் திரும்பி இன்னொன்றும் சொன்னார்.

"உங்க மருமகன்கிட்ட, 'உன் பொண்டாட்டி பொய் சொல்றாளா?'ன்னு கேட்டேன். 'இல்ல, அந்தப் பத்துப் பேரு சோத்தையும் நாந்தான் தின்னேன்'னு சொன்னாரு. தம்பியத் தனியாக் கேட்டேன். அண்ணன் சொன்னது தெரியாம, 'அண்ணி பொய் சொல்லாது, நாந்தான் தின்னேன்'னு அவனும் சொல்றான். நல்ல குடும்பம் லா."

அம்மா கருகிய சோற்றுப் பானையை எட்டிப் பார்த்தாள். ஆபீசிலிருந்து இருவரும் நடந்து வருவது தெரிந்ததும் வெற்றிலைத் தட்டைச் சரிசெய்து தனத்தின் கையில் கொடுத்தாள்.

"இதயும் தின்னுட்டு, என் மகள விட்டுக் குடுக்காமப் பேசியிருக்குதுங்களே. கெழங்கத் தின்னாலும் இந்த வீட்டுல தின்னு, போ."

தனம் எங்கள் லயத்துக்கே வாழ வந்தாள். வந்த நாளிலிருந்து இரண்டு வீட்டுச் சமையலையும் அவளே பார்த்துக்கொண்டதால் குடும்பம் பிழைத்தது. பண்டிகை நாட்களில் மட்டும் நான் வீம்புக்கு ரசம் வைப்பேன். பானையைத் தூக்கிக்கொண்டு வந்தால் போதும், என் பிள்ளைகள், அவள் பிள்ளைகள், முனியாண்டி உட்பட, பந்தியில் இருக்கிற அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், உயிரோடு இருந்தவரைக்கும், ஒரு நாளும் கையைத் தூக்கியதில்லை. தட்டைத்தான் நீட்டுவார்.