நங்கூரம் அன்ரியின் பூதக்கண்ணாடி

வெள்ளவத்தையில் நங்கூரம் அன்ரிக்குப் பயப்படாத தங்கம் கிடையாது. வெள்ளி அவரைக் கண்டாலே கறுத்துவிடும் என்பார்கள்.

எங்கள் தொடர்மாடியில் அவர் மூன்றாம் மாடி, நாங்கள் இரண்டாம் மாடி. பேர்மிங்காமில் ஒரு நகைக்கடையில் பல வருடம் வேலை செய்துவிட்டு, கணவர் இறந்த பிறகு கொழும்புக்கு வந்தவர். நகைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று கறுப்பு நூலில் எப்போதும் கழுத்தில் தொங்கும். "சுகமோ?" என்று கேட்டபடி கையைப் பிடிப்பார். நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் மோதிரம் கழன்றிருக்கும்.

"இங்கிலாந்துச் சாமான் எண்டா முத்திரை இருக்கோணும். அதுதான் அதின்ர பாஸ்போர்ட்" என்பார். செய்வித்தவரின் பெயரெழுத்து, தங்கம் எவ்வளவு என்று சொல்லும் இலக்கம், பரிசோதித்த ஊரின் அடையாளம் என எல்லாம் உள்பக்கத்தில் கடுகளவில் இருக்கும். சிலதில் வருடத்தைக் குறிக்கும் எழுத்தும் உண்டு. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை, பேர்மிங்காமுக்கு நங்கூரம். லண்டன் சிறுத்தையை அவர் மதிப்பதேயில்லை. "பல்லுக்கொதி வந்த பூனை மாதிரி இருக்கு."

பேர்மிங்காமில் கடலே இல்லையே, நங்கூரம் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "கடல் இருக்கிற கொழும்பில நீங்கள் என்னத்தைக் கண்டனீங்கள்?" என்றார்.

கொட்டாஞ்சேனையில் என்னோடு வேலை செய்த மரியதாஸ் அண்ணர் வீட்டில் ஒரு வெள்ளித் தட்டு இருந்தது. அவருடைய பாட்டனாருக்குத் துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் பரிசாகக் கொடுத்தது. பின்பக்கத்தில் துரையின் பெயரெழுத்துகள்: ஈ.பி.என்.எஸ். ஒவ்வொரு நத்தாருக்கும் அந்தத் தட்டில் கேக் வைத்து, ஈ.பி.என்.எஸ். துரையின் ஆத்துமாவுக்காக ஒரு செபமும் சொல்வார்கள். ஒரு நத்தாருக்கு அன்ரியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

செபம் முடிந்ததும் அன்ரி கேக்கைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுத் தட்டைப் புரட்டினார்.

"இது துரையின்ர பேர் இல்லை. நிக்கல் கலந்த உலோகத்துக்கு மேல வெள்ளி பூசினது எண்டு அர்த்தம்."

மரியதாஸ் அண்ணர் தட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். "அப்ப நாங்கள் இவ்வளவு வருசமா செபம் செய்தது?"

"நிக்கலுக்கு."

இதனால்தான், என் தங்கை வாசுகிக்கு நிச்சயதார்த்தம் என்றவுடன் அம்மா முதலில் எடுத்த முடிவு அன்ரிக்குச் சொல்வதில்லை என்பது. மாப்பிள்ளை சுரேன் லண்டனில் இருப்பவன். லண்டன் என்றால் மோதிரம், மோதிரம் என்றால் முத்திரை. ஆனால் அன்ரியின் வீடு எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. நிச்சயதார்த்தத்தன்று லட்டு மணத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

சுரேனின் தாயார் மோதிரப் பெட்டியைத் திறந்து சபைக்குக் காட்டினார். "அசல் இருபத்திரண்டு கரட். என்ர மகன் தன்ர உழைப்பில வாங்கினவன்."

"கொண்டாங்கோ பாப்பம்" என்றார் அன்ரி.

அம்மா என் முழங்கையை நசுக்கினார். அன்ரி கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். சுரேனுக்கு மின்விசிறிக்குக் கீழேயே வியர்த்தது. அன்ரி மோதிரத்தைப் பார்த்தார். பிறகு அதே கண்ணாடியோடு சுரேனைப் பார்த்தார். அவன் இன்னும் வியர்த்தான்.

"முத்திரை எல்லாம் அசல்" என்றார் கடைசியில். "வடிவான முத்திரை."

"இருபத்திரண்டுதானே?" என்றார் தாயார் பெருமையோடு.

"அக்கா, தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ."

குறை ஒன்றும் சொல்லாததால் அன்ரிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். நான் படிக்கட்டில் அன்ரியைப் பிடித்தேன்.

"முன்னூற்று எழுபத்தைஞ்சு எண்டு போட்டிருக்கு, ஆயிரத்தில அவ்வளவுதான் தங்கம். ஒன்பது கரட்" என்றார்.

"பிறகேன் அன்ரி சொல்லேல்லை?"

"முத்திரை பொய் சொல்லேல்லைத் தம்பி. பொய் சொன்னது பொடியன். அதை அவன்தான் சொல்லோணும். நாளைக்குப் பொழுதுபட முன்னம் வாசுகிக்குச் சொல்லாட்டி நான் சொல்லுவன் எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டன்."

"எப்ப சொன்னீங்கள்?"

"லட்டுக் குடுக்கேக்க."

மறுநாள் பின்னேரம் சுரேனும் வாசுகியும் கடற்கரைக்குப் போனார்கள். காவலுக்குப் போன நான் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் இருந்தேன். காற்று என் பக்கம் வீசியதால் எல்லாம் கேட்டது. வேலை போய், கிடைத்த சின்ன வேலையில் மிச்சம்பிடித்து வாங்கிய மோதிரம் அது என்றான். தன் அம்மா ஊரெல்லாம் இருபத்திரண்டு என்று சொல்லித் திரிந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை என்றான். சொல்லும்போது அழுதான்.

"தெரியும்" என்றாள் வாசுகி. "நேற்றே பாத்திட்டன்."

"எப்பிடி?"

"நங்கூரம் அன்ரிக்குக் கீழ் வீட்டில இருந்துகொண்டு இதுகூடத் தெரியாமல் இருக்கேலுமே? விடுங்கோ. ஒன்பது கரட் கெதியில தேயாது."

பிறகு மெல்லச் சொன்னாள்: "அதில நங்கூரம் இருக்கு. அதுதான் அன்ரி உங்களை உயிரோட விட்டவ."

சிறுத்தைத் தலையாக இருந்திருந்தால் கல்யாணம் நின்றுபோயிருக்கும் என்று நான் இன்றும் நம்புகிறேன். சுரேன் தாயாருக்கும் உண்மையைச் சொன்னான். அவர் கொஞ்ச நாள் யாரோடும் கதைக்கவில்லை. பிறகு கல்யாண வீட்டில் எல்லோரையும்விட அதிகமாகக் கதைத்தார்.

இப்போது அன்ரியின் கண்களில் பார்வை மங்கிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். முன்பு அவரைக் கண்டதும் கையைப் பொக்கற்றுக்குள் ஒளித்தவர்கள் எல்லாம் இப்போது தாங்களாகவே மூன்றாம் மாடி ஏறி மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறார்கள்.

போன ஞாயிறு நானும் போனேன். என் மோதிரம் இங்கே கொழும்புச் செட்டியார் தெருவில் செய்வித்தது. முத்திரை என்று ஒரு கீறல்கூட அதில் இல்லை. அன்ரி அதை வெகுநேரம் கண்ணோடு வைத்துப் பார்த்தார்.

"நங்கூரம் தெரியுது, என்ன?" என்றார்.

"ஓம் அன்ரி" என்றேன். "வடிவாத் தெரியுது."