வான்கோழி விழுங்கிய முன்பல்

யாரிடம் பொய் சொன்னாலும் சமாளித்துவிடலாம். மிருக வைத்தியரிடம் மட்டும் சொல்லக்கூடாது. இருபத்தெட்டு வயதில், ஒரு வான்கோழியின் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு இது விளங்கியது.

என் மேல்வரிசையில் ஒரு முன்பல் பொய்ப்பல். கிரிக்கெட் பந்து பட்டு விழுந்ததற்குப் பதிலாக, இரண்டு கம்பிக் கொளுக்கி வைத்துக் கட்டியது. கலியாணம் பேசியபோது சாதகம், வேலை, வயற்காணி எல்லாம் சொன்னோம். பல்லைச் சொல்லவில்லை. (ஒருவரும் கேட்கவில்லை என்பது என் கட்சி.)

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கையில் முள்ளியவளைக்கு, எனக்குப் பேசிய மாலதி வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா கூட்டில் ஒரு வான்கோழிச் சேவல் வளர்த்தார். மாப்பிள்ளையை விட அதற்குத்தான் அங்கே மரியாதை.

"தீன் வைச்சுப் பாருங்கோ தம்பி, கிட்ட வருவான்" என்று தவிட்டுச் சட்டியைத் தந்துவிட்டு அவர் வயலுக்குப் போனார்.

குனிந்தேன். தவிட்டுத் தூசி மூக்கில் ஏறியது. ஒரே தும்மல், பல் சட்டிக்குள் விழுந்தது. நான் கையை நீட்டுமுன் வான்கோழி கழுத்தை நீட்டிவிட்டது.

தேத்தண்ணியோடு வந்த மாலதி, "ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள்.

"இது என்னவோ விழுங்கிப்போட்டுது" என்றேன், கைக்குட்டைக்குள்ளால்.

"என்னத்தை?"

"என்ர சேட்டுத் தெறியை."

அவள் என் சேட்டைப் பார்த்தாள். கழுத்திலிருந்து பூட்டியிருந்த தெறிகளில் அன்று பார்த்து ஒன்றுகூடக் குறையவில்லை.

கொஞ்ச நேரத்தில் வான்கோழி கழுத்தை நீட்டி நீட்டி மூச்சிழுத்தது. பிறகு சிறகைத் தொங்கப்போட்டு மூலையில் ஒதுங்கியது. அதை உரப்பையில் தலை மட்டும் வெளியே தெரிய வைத்துக் கட்டி, மோட்டார் சைக்கிளில் மாலதியின் மடியில் ஏற்றினேன்.

"கண்ணை மூடுதப்பா! கெதியாப் போங்கோ. அப்பா தாங்கமாட்டார்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கலியாணம் போகட்டும், இந்தக் கோழி பிழைத்தால் போதும் என்று, வாயில் கைக்குட்டையைக் கட்டியபடி, மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டே ஓட்டினேன்.

வைத்தியர் ஒரு அம்மா. கழுத்தடியைத் தடவிப் பார்த்தார்.

"தீன்பைக்குள்ளதான் கிடக்கு. தெறி எண்டால் பயமில்லை. மெல்ல மேல உருட்டி வாயால எடுத்திடலாம்."

அவர் கழுத்தடியை அமர்த்தி மேலே தள்ளினார். வான்கோழி துடித்தது. நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன், மாலதி அதன் தலையைத் தடவியபடி அழுதாள். அந்தத் 'தெறி'க்கு இரண்டு கொளுக்கி இருப்பது அந்த அறையில் எனக்கு மட்டுந்தான் தெரியும். அவர் திரும்பவும் விரலை வைத்தார்.

"ஐயோ, நிப்பாட்டுங்கோ! அதில கம்பி இருக்கு!"

"தெறியில என்ன கம்பி?"

"தெறியில்லை டொக்டர். பல்லு."

"வான்கோழிக்கு ஏது பல்லு?"

"அது... என்ர."

கைக்குட்டையை அவிழ்த்தேன். இரண்டு பேரும் என் வாயிலிருந்த ஓட்டையைப் பார்த்தார்கள். வான்கோழியும் பார்த்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

பிறகு அவர் மயக்க மருந்து கொடுத்து, இறகு பிடுங்கி, தீன்பையைச் சிறிதாய்க் கீறிப் பல்லை இடுக்கியால் எடுத்து, தையல் போட்டார். "முதலே சொல்லியிருந்தால் இந்தச் சீவனை வதைச்சிருக்கத் தேவையில்லை" என்றார். பல்லைக் கழுவி ஒரு சின்னப் போத்தலில் போட்டு மாலதியின் கையில் கொடுத்தார். (என்னிடம் தர மனம் வரவில்லைப்போல.)

வெளியே வந்ததும் மாலதி போத்தலை ஆட்டிப் பார்த்தாள்.

"வேற ஏதும் கழட்டுறது இருக்கோ?"

"இல்லை."

"அப்ப சரி."

கலியாணம் நடந்தது. வான்கோழியும் பிழைத்தது. மாமா மட்டும் கலியாணப் படங்களில் எல்லாம் என்னைப் பார்க்காமலே நிற்கிறார். பொய்ப்பல்லுக்காக அல்ல, வான்கோழிக்காக.

போன மாதம் எங்கள் பசு தின்னாமல் நின்றது. அதே வைத்தியர்தான் வந்தார்.

"மாடு ஏதும் விழுங்கினதோ?"

நான் வாயைத் திறக்குமுன் மாலதி சொன்னாள்: "இல்லை டொக்டர். இவற்ர பல்லை எண்ணிப் பாத்திட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டனான்."