பழங்குடிக் கடனைப் பூரணி அணில் முடித்த கதை

ஒரு காட்டில், சிக்னல் நாலு கோடும் காட்டுகிற ஒரு நாவல் மரத்தில், பூரணி என்றொரு அணில் தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். சித்திரை மாதச் சூறைக்காற்றில் பொந்தின் கூரை பிய்ந்துபோயிற்று. ஐப்பசி மழைக்குள் கூரை போட்டாக வேண்டும், குட்டிகளுக்கு வாதாங்கொட்டையும் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் மழை மாதத்தில் குட்டிகள் பட்டினிதான். அவளுக்கு இருந்த கவலை இது ஒன்றுதான், மற்றக் கவலையெல்லாம் பிறர் உபயம்.

கூரை போட மரங்கொத்தி ஐம்பது கொட்டை கேட்டது. பூரணி கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடன் கேட்டுப் போனாள். மரம் உன்னுடையதுதான் என்று மரமே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். அவளும் வெகுளியாக மரத்திடம் போய்க் கேட்டுப் பார்த்தாள். அது பேசாமல் நின்றது.

அன்றைக்கே போனில் ஒரு விளம்பரம் வந்தது. ‘பழங்குடி விரைவுக் கடன். ஜாமீன் வேண்டாம், சான்றிதழ் வேண்டாம், பத்தே நிமிஷம்.’ பூரணி அதைப் பழம், குடி என்று பிரித்துப் படித்தாள். பழம் தின்று சாறு குடிக்கிற நம்ம ஜனம் யாரோ நடத்துகிற சங்கம் போலிருக்கிறது என்று மனசு குளிர்ந்துபோனாள். பிறந்ததிலிருந்து பழ நினைப்பிலேயே இருக்கிற ஜீவன் வேறு எப்படிப் படிக்கும்? நாற்பது பக்க ஒப்பந்தத்தை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, கடைசியில் இருந்த ‘சம்மதம்’ கட்டத்தைத் தொட்டாள். நம்மில் யாரும் அப்படிச் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஐம்பதில் செயலாக்கக் கட்டணம் எட்டு போக நாற்பத்திரண்டு கொட்டை கைக்கு வந்தது. மரங்கொத்தி நாற்பத்திரண்டுக்கு உண்டான கூரையைப் போட்டு, ஓரத்தில் ஒரு ஒழுக்கையும் விட்டுவிட்டுப் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பெருச்சாளி சாக்கோடு வந்தது. கேட்காமல் கொள்ளாமல் பொந்துக்குள் கையை விட்டு எட்டுக் கொட்டை எண்ணி எடுத்தது. பூரணி கத்தித் தீர்த்தாள். சம்மதம் தொட்டது நீங்கள்தானே, முப்பத்தேழாம் பக்கம் பாருங்கள் என்று அது மரியாதையாகவே பதில் சொன்னது.

இப்படி இருபது வெள்ளிக்கிழமை போயிற்று. நூற்றறுபது கொட்டை கட்டியாயிற்று, இனி அஞ்சோ பத்தோதான் இருக்கும் என்று பூரணி போனைத் திறந்து பார்த்தாள். மீதி நூற்றுத் தொண்ணூற்றேழு என்று காட்டியது. சின்னக் குட்டி சாக்கைக் கண்டாலே தன் பங்குக் கொட்டையை வாயில் அடக்கிக்கொண்டு மூலைக்கு ஓடப் பழகியிருந்தது. பூரணிக்கு அதைப் பார்க்கும்போதுதான் அழுகை வரும்.

காட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. மாதம் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வட்டி வாங்கினால் சிங்கமே நேரில் வந்து கடிக்கும் என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். பூரணி மனு எழுதிக்கொண்டு சிங்கத்தின் அலுவலகத்தில் போய் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் முயல் மாசிலாமணி நின்றான். அவனும் அதே இடத்தில் முப்பது கிழங்கு வாங்கி மாட்டிக்கொண்டவன். வீட்டில் பெண்டாட்டி முகம் கொடுத்துப் பேசி மூன்று மாதம் ஆயிற்றாம். பூரணி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும், மடியில் வைத்திருந்த ஒரே ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் பிட்டுப் பாதியை நீட்டினான்.

“சாப்பிடு தாயி. நாம ரெண்டு பேரும் ஒரே வலையில விழுந்தவங்க, ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுத்துறக் கூடாது” என்றான்.

பூரணி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இந்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டேன் அண்ணே என்றாள். அவள் சொன்ன சொல் தவறவில்லை என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

சாயங்காலம் அவள் முறை வந்தது. குமாஸ்தா கரடி மனுவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளியது.

“பழங்குடியா? அது ஆத்துத் திட்டுல இருக்கிற நீர்நாய் இனம்மா. அங்க சிங்கத்தோட சட்டம் செல்லாது.”

“நானும் பழங்குடிதாங்க. பழம்தான் சாப்பிடுறேன்” என்றாள் பூரணி.

வரிசை மொத்தமும் சிரித்தது. மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை. கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழங்குடி என்றால் பழைய குடி, அந்த மண்ணில் ஆதியிலிருந்து இருக்கிற ஜனம் என்று விளக்கியது. பூரணி வாலால் முகத்தை மூடிக்கொண்டாள். கரடி இரக்கப்பட்டு ஒரு யோசனையும் சொன்னது. பேரம் பேசி ஒரே தொகையாக முடித்துக்கொள், ஆனால் அந்த இனத்தின் முத்திரை வைத்த கடிதம் கைக்கு வராமல் ஒரு கொட்டைகூடக் கொடுத்துவிடாதே என்றது.

பூரணி போன் போட்டாள். எடுத்தது நீர்நாய் இல்லை, அடுத்த புதரில் இருக்கும் நரியார்.

“வணக்கம் மேடம். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது” என்று ஆரம்பித்து, அரைமணி நேரம் தேனாகப் பேசினார். கடைசியில், உங்கள் முகத்துக்காக நூற்றிருபதோடு முடித்துக்கொள்கிறோம் என்றார். பொந்தில் மிச்சம் இருந்ததே சரியாக நூற்றிருபதுதான். பெருச்சாளி எண்ணிச் சொல்லியிருக்கும். கடிதம் கேட்டதற்கு, முத்திரை தலைவரிடம் இருக்கிறது, தலைவர் திட்டில் இருக்கிறார், திட்டில் டவர் இல்லை, முதலில் கட்டுங்கள் என்றார். அதற்கென்ன, நானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்று பூரணி போனை வைத்தாள்.

மறுநாள் மிதந்து வந்த ஒரு கட்டையில் தொற்றிக்கொண்டு திட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். நீர்நாய்த் தலைவர் மூக்கையா கரையில் உட்கார்ந்து ஒரு மரக்கட்டையால் நண்டு உடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டைதான் முத்திரை. கடன், வட்டி, வெள்ளிக்கிழமை, பெருச்சாளி எதுவும் அவர் காதுக்கு எட்டவே இல்லை.

“உங்க இனத்துப் பேரைக் கொஞ்சம் கொடுங்கன்னாரு நரியாரு. பேருதானே, கொடுத்தோம். மாசம் ஒரு கருவாடு அனுப்புறாரு. நாங்களே மீன் பிடிக்கிறவங்க, இருந்தாலும் மரியாதைக்கு வாங்கிக்கிட்டோம். எங்களுக்குச் சலிச்சுப்போன மீனு எதுக்கு தாயி, இந்தத் திட்டுல ஒரு பழம் கண்ணுல பட மாட்டேங்குது” என்றார்.

பூரணிக்கு மூளையில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. வரிசை சிரித்த அவமானத்தில் அவள் முந்தின ராத்திரி ஒப்பந்தத்தை முதல் தடவையாக முழுசும் படித்திருந்தாள். முதல் பக்கத்திலேயே இருந்தது: கடன் கொடுத்தவர் பழங்குடி, நரியார் வெறும் வசூல் ஏஜென்ட். சிங்கத்திடமிருந்து தப்பிக்க அவரே எழுதிக்கொண்ட வரி. அப்படியானால் முத்திரை யார் கையில் இருக்கிறதோ, கடனெல்லாம் அவருடையது.

“மாசம் ஒரு கூடைப் பழம் நான் அனுப்புறேங்க. அந்தக் கட்டை என்கிட்ட இருக்கட்டும்” என்றாள்.

மூக்கையா யோசிக்கக்கூட இல்லை. நண்டு உடைக்க ஆற்றில் கல்லா இல்லை? அன்றிலிருந்து திட்டிலிருந்த ஜனம் பழம் தின்று சாறு குடித்தது. பூரணி படித்ததுதான் சரி, கரடிதான் தப்பாக விளக்கிவிட்டது என்று ஆகிப்போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் தன் பேருக்கு ஒரு கடிதம் எழுதி, பாக்கி இல்லை என்று முத்திரை குத்தி, குட்டிகளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். முத்திரை கைமாறியதைப் போனில் சொன்னதும் நரியார் அனுப்பிவைத்த, கடன் வாங்கிய மற்ற முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் கணக்கையும் காலையில் கிழித்துப் போடுவது என்று மனப்பூர்வமாக முடிவு செய்துவிட்டுத்தான் படுத்தாள். அதில் நாம் சந்தேகப்படக் கூடாது.

காலையில் வெள்ளிக்கிழமை. பெருச்சாளி வந்தது, சாக்கு நிறையக் கொட்டையோடு. எங்கே கொட்டட்டும் மேடம் என்று கேட்டது. நரியாரும் கைகட்டி வந்து நின்று, கமிஷனுக்குத் தொடர்ந்து உழைக்கச் சித்தமாக இருப்பதாகச் சொன்னார். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. சின்னக் குட்டி வழக்கம்போல மூலைக்கு ஓடியது. பூரணி அதைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள், இந்த ஒரு வாரம் மட்டும் என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். மூன்றாவது வாரம் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஐப்பசி பிறந்து மழை கொட்டியது. பூரணியின் பொந்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதற்குமேல் இரண்டு பொந்து வாடகைக்கும் எடுத்திருந்தாள். ஒரு மத்தியானம் நரியார் வெளியே போயிருந்ததால் போனை அவளே எடுத்தாள்.

“செட்டில்மென்ட் விஷயமாப் பேசணுங்க. வளைக்குள்ள தண்ணி வந்துருச்சு, பிள்ளைகளுக்கு இருக்கிறதே ஒம்போது கிழங்குதான். வெள்ளிக்கிழமை ஆள் அனுப்பாம இருந்தா...” என்ற குரல் சட்டென்று நின்றது. “பூரணியா? தாயி, நான்தான் மாசிலாமணி. அன்னைக்கு வரிசையில...”

பூரணிக்கு அந்தப் பாதிக் கிழங்கின் ருசி நாக்கில் வந்தது. பொய் இல்லை. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“வணக்கம் சார். இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. உங்கள் உதவியை நிறுவனம் மறக்கவில்லை. பாக்கியில் அரைக் கிழங்கு கழித்துக்கொள்ளப்படும்.”

அவள் கழித்தாள். வெள்ளிக்கிழமை பெருச்சாளி எட்டரைக் கிழங்கு மட்டும்தான் எடுத்துக்கொண்டு வந்தது.

நீதி: ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துவிட்டால் வெட்கப்பட்டுத் திருத்திக்கொள்ள வேண்டாம். நீங்கள் படித்தபடி உலகத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு கூடைப் பழம்தான் செலவு.